எந்தப் பக்கம்

முதலில் என் கண்ணில் பட்டது பொத்தான்.

உதினே அச்சகத்தில் இரவு ஷிப்ட்,
கையுறை, விளக்குப் பெட்டி.
ஸ்லாவா பெர்தோட்டின் புகைப்படப் புத்தகத்துக்கு
அறுபது வருஷம் கழித்து இரண்டாம் பதிப்பு.
நெகடிவை ஸ்கேன் செய்து
பழைய அச்சோடு ஒப்பிட்டுத்
தூசு துடைப்பது என் வேலை.
கருத்துச் சொல்வது அல்ல.

நாற்பத்தேழாம் பக்கம் இந்த ஊர்க்காரர் எல்லோருக்கும் தெரியும்.
திரியெஸ்தே துறைமுகம், ஐம்பத்து நாலு பிப்ரவரி.
போரா என்று பெயர்வைத்து வளர்த்த காற்று
மேட்டிலிருந்து இறங்குகிறது.
ஆள் பறந்துவிடாதிருக்க
தெருவோரம் நகராட்சி கட்டிய கயிறு.
அதைப் பிடித்துக்கொண்டு
பாதி நின்றும் பாதி மிதந்தும் ஒருவன்.
பிடித்திருப்பது இடக்கை.
அதில் மூன்றே விரல்.

அந்த இடக்கையைப் பற்றி
மிலான் பேராசிரியர் ஒருவர் முப்பது பக்கம் எழுதினார்.
கோட்டின் பொத்தான் பெண்கள் பக்கம் இருப்பதைக் கண்டு
மனைவியின் கோட்டு அது, போர் விட்டுப்போன வறுமை என்று
மேலும் நாலு.

நெகடிவில்
ஆண்பிள்ளைக் கோட்டு.
வலக்கை.
அச்சில் வெட்டிவிட்ட ஓரத்தில்
ரொட்டிக்கடைப் பலகை நேராகப் படிக்கக் கிடைக்கிறது.
மருந்து பூசிய பக்கம் எது, பளபளப்பு எது என்று
மூன்று தரம் புரட்டினேன்.
நான் சரி. புத்தகம்தான் தப்பு.

பதிப்பாளருக்கு எழுதினேன்.
அவர் வக்கீலுக்கு எழுதினார்.
வக்கீல் கண்டுபிடித்துக் கொண்டுவந்தது
கயிற்று மனிதனின் மகள் ஓந்தினாவை.
எழுபது வயது. வாசலிலேயே குடையை உதறினாள்.

"தெரியுமே" என்றாள்.
"அப்பாவுக்குத் தன்னைப் பார்க்கத் தோன்றினால்
புத்தகத்தைக் குளியலறைக்குத் தூக்கிப்போவார்.
கண்ணாடியில் காட்டினால்தான் அவர் அவர்."
க்ரேன் சங்கிலி தின்ற விரல்கள் வலக்கையில்.
காபி கலக்கியது, கணக்கு எழுதியது,
ஒரே ஒருமுறை அவளை அறைந்தது
எல்லாம் இடக்கை.
"அம்மா கோட்டா? அம்மா அவர் மார்பு உயரம்!"
சிரித்து, இருமி, தண்ணீர் கேட்டாள்.

ஏன் யாரிடமும் சொல்லவில்லை?

"யார் கேட்டார்கள்?"

திருத்துவதென்று முடிவானது.
அன்றைக்கே நெகடிவின் காகித உறையை
வெளிச்சத்தில் பிடித்தேன், காலியாகத்தான்.
உள்பக்கம், ஸ்லாவாவின் பென்சில்:
"திருப்பு. காற்று வெளியே போகட்டும்."

நாற்பத்தேழு வலப்பக்கத் தாள்.
உள்ளபடி அச்சிட்டால்
போரா தையலை நோக்கி ஓடி
நூலில் சிக்கிச் செத்துவிடும்.
திருப்பினால்
படிப்பவர் கட்டைவிரலை நோக்கி வரும்.
புரட்டினால் அடுத்த பக்கத்தில்
கடல்மேல் ஒரு தொப்பி.

"அப்பாவிடம் தொப்பியே கிடையாது" என்றாள் ஓந்தினா.

அது வேறு நாள், வேறு தலை.
அவள் பொய் சொன்னாள் என்று தோன்றவில்லை எனக்கு.
சொல்லாமலும் இருக்கவில்லை.

அறையில் ஐந்து பேர். எந்தப் பக்கம் என்று
ஆளாளுக்கு ஒரு பக்கம் பேசினார்கள்.
ஓந்தினா பேசவில்லை. நேராக எடுத்த சோதனை அச்சை
மூக்கருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"சவரம் செய்யாமல் போயிருக்கிறார்" என்றாள்,
அவ்வளவுதான்.

புத்தகம் பழையபடியே வெளிவந்தது.
பேராசிரியர் இறந்துவிட்டார்,
திருத்தச் சீட்டு எதற்கு என்றார்கள்.

ஓந்தினாவுக்குப் போன பிரதியில் மட்டும்
நாற்பத்தேழுக்கு எதிரே
அந்தச் சோதனைத் தாளை, அளவு பார்த்து, ஒட்டினேன்.
திறந்தால் இரண்டு ஆட்கள்,
இரு திசையிலும் காற்று.
மூடினால்
கைமேல் கை படிந்து
ஒரே கயிறு.